ஆங்கிலம்தான் காரணமா? நாலு நேர்முகத்துக்குப் போய்வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை முதலில் ஒருக்கால் திருப்பிச் சொல்கிறேன். வயது 25, வடமராட்சி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் முடித்தாயிற்று. ஒரு வருடத்துக்குள் நாலு நேர்முகத் தேர்வு: இரண்டு நிதி நிறுவனம், ஒரு தொண்டு நிறுவனம், கடைசியாகக் கொழும்பில் ஒரு காப்புறுதிக் கம்பனி. முதல் மூன்றிலும் இல்லை என்றாகிவிட்டது, நாலாவது இன்னும் வாய் திறக்கவில்லை. "இன்ரவியூவில எல்லாரும் விடுற பிழையளைச் சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது, "என்ர இங்கிலீஷ்தான் காரணமோ தெரியேல்லை" என்று. உங்கள் கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆங்கிலம்தான் காரணம் என்றால் ஒரு வகுப்புக்குக் காசைக் கட்டிவிட்டு ஆறு மாதம் பொறுத்திருக்கலாம். இல்லையென்றால் அந்த ஆறு மாதமும் காசும் வீண். அதனால் பிழைகளைப் பட்டியல் போடாமல் அதற்கே மறுமொழி சொல்லப் பார்க்கிறேன். சம்பளத்தை எப்போது கதைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள், அதற்கும் வருகிறேன்.

நான் எங்கிருந்து கதைக்கிறேன் என்பதையும் சொல்லவேண்டும். வடக்கில் கிளைகள் உள்ள ஒரு நிதி நிறுவனத்திலும், பிறகு ஒரு தொண்டு நிறுவனத்திலும் ஆளெடுக்கும் குழுக்களில் பல வருடம் இருந்திருக்கிறேன். ஆகவே இது வங்கி, லீசிங், காப்புறுதி, தொண்டு நிறுவனம் என்ற வட்டத்துக்குப் பொருந்தும். மென்பொருள் கம்பனிகளில் கணினியில் எழுதிக் காட்டச் சொல்லும் சோதனைகள் இருக்கும், அதை அந்தத் துறைப் பிள்ளைகளிடம் கேட்பதுதான் சரி.

ஒரு ஆள் வெளியே போன பிறகு உள்ளே நடப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மூன்று பேர் இருப்போம், ஆளுக்கொரு புள்ளித்தாள். தொழிலறிவு, அனுபவம், கதைக்கும் திறன், பொருத்தம் என்று நாலைந்து வரி, பக்கத்தில் குறிப்பெழுத ஒரு கட்டம். காலையிலிருந்து ஆட்களைப் பார்த்துக் களைத்து, பின்னேரம் தேத்தண்ணீரோடு இருந்து யாரை எடுப்பது என்று கதைக்கும்போது அந்தக் கட்டத்தில் இருப்பதுதான் பேசும். "மாமாவின் ஹாட்வெயார் கடையில் கடன் கொப்பி பார்த்தவர்" என்று எழுதியிருந்தால் ஆள் உடனே நினைவுக்கு வரும். "நல்ல பிள்ளை, அமைதி" என்று மட்டும் இருந்தால், சொல்லக் கவலைதான், முகமே வராது. நான் கண்டவற்றில் கனக்கப் பேர் தவறியது இப்படித்தான். பிழையாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்கு எழுதிவைக்க ஒன்றும் தரவில்லை. இரண்டு விடயம் வெறுமையாகவே இருக்கும்: இவர் இதுவரை என்ன செய்திருக்கிறார், எடுத்தால் நிற்பாரா. உங்கள் விவரத்தைப் படித்தபோதும் இந்த இரண்டும்தான் எனக்குக் கண்ணில் பட்டது.

முதலாவதை எடுப்போம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் நீங்கள் சொன்ன மறுமொழியை எழுதியிருக்கிறீர்கள்: பெயர், ஊர், அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர், படித்த பள்ளிக்கூடம், உயர்தரப் பெறுபேறு, பல்கலைக்கழகம், பொழுதுபோக்கு புத்தகம் வாசிப்பது. இதில் பொழுதுபோக்கைத் தவிர மிச்சம் எல்லாம் எங்கள் கையில் இருக்கிற சுயவிபரக்கோவையில் ஏற்கெனவே இருக்கிறது. அப்பாவைப் பற்றிச் சொல்வது பிழை என்று சொல்லமாட்டேன், எங்கள் ஊரில் அது மரியாதை, கேட்கிற ஆளும் "ஓ, அவற்ற மகளோ" என்று சிரிப்பார். ஆனால் கிடைக்கிற இரண்டு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் அதற்கே போய்விடுகிறது. அந்த நேரத்தில் இந்த வேலைக்கு உதவும்படி நீங்கள் செய்த இரண்டு காரியத்தைச் சொல்லியிருக்கவேண்டும்.

"செய்த காரியம் ஒன்றும் இல்லையே, இதுதானே முதல் வேலை" என்பீர்கள். இதைத்தான் எல்லாரும் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மையில்லை. உங்கள் கடிதத்தின் கடைசியில், ஏதோ சம்பந்தமில்லாத விடயம் போல, உயர்தரம் முடித்த காலத்திலிருந்து வீட்டில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பிள்ளைகள், மாதக் காசை எப்படி வாங்கினீர்கள், காசு கட்டாத தாய்தகப்பனோடு முகம் முறியாமல் எப்படிக் கதைத்தீர்கள், வராமல் நின்ற பிள்ளையை எப்படித் திருப்பிக் கொண்டுவந்தீர்கள்? கடன் அறவிடும் நிதி நிறுவனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! நாலு நேர்முகத்திலும் நீங்கள் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. ரியூசன் ஒரு வேலையா என்று நினைத்துவிட்டீர்கள். சனசமூக நிலையத்தின் கணக்கைப் பார்த்தவர்கள், கோயில் திருவிழாவில் அன்னதானச் செலவை எழுதியவர்கள், தகப்பனின் கடையில் இருந்தவர்கள், இவர்கள் எல்லாரும் வந்து "அனுபவம் இல்லை சேர்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கேட்டுப் பிடுங்கினால் வரும். பிடுங்க எல்லாருக்கும் பொறுமை இராது.

இன்னொன்று, "நாங்கள்" என்று சொல்வது. பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வைப் பற்றிக் கேட்டால் "நாங்கள் தரவு சேகரித்தோம், நாங்கள் பகுப்பாய்வு செய்தோம்" என்பார்கள். தன்னைப் பற்றிப் பெருமையடிக்கக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள், அதில் எனக்கு மதிப்புத்தான். ஆனால் எங்களுக்கு வேலைக்கு வேண்டியது அந்த ஆறு பேரில் ஒருவர். "ஆறு பேர் செய்தோம், அதில் திருநெல்வேலிச் சந்தை வியாபாரிகளிடம் கேள்விக்கொத்து நிரப்பியது நான், முதலில் மறுத்தவர்களிடம் பின்னேரம் கடை ஆறுதலாக இருக்கும்போது திரும்பப் போனேன்" என்று சொன்னால் பெருமையும் இல்லை, பொய்யும் இல்லை. என்ன நிலைமை, நீங்கள் செய்தது என்ன, முடிவில் என்ன ஆனது, இந்த மூன்றும் வந்தால் போதும். மூன்றாவதைத்தான் கனபேர் விட்டுவிடுகிறார்கள்.

இனி இரண்டாவது, நிற்பாரா என்பது. யாழ்ப்பாணத்தில் ஆளெடுக்கிற எவருக்கும் உள்ளே ஓடுகிற பயம் இதுதான், வெளியூர்க்காரர் எழுதும் அறிவுரைகளில் இது வராது. பயிற்சி கொடுத்து, ஆள் வேலையைப் பிடித்துக்கொண்ட நேரத்தில் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விடுவார், அல்லது அரசாங்க நியமனம் வந்துவிடும். 2020இல் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்க்கும் திட்டம் வந்தபோது எங்கள் கிளைகளிலிருந்தும் நல்ல பிள்ளைகள் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஓய்வூதியம் உள்ள வேலையை யார் விடுவார்கள். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதை மறக்கவில்லை. "ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்", "வெளிநாட்டில் சகோதரர் இருக்கிறாரா", "ஏன் இந்த நிறுவனம்" என்று சுற்றிச் சுற்றிக் கேட்பதெல்லாம் இதற்குத்தான்.

உங்களிடம் இரண்டாவது இடத்தில் கிளிநொச்சிக் கிளைக்குப் போவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் "வீட்டில கேட்டுத்தான் சொல்லவேணும்" என்றிருக்கிறீர்கள். நேர்மையான மறுமொழி, ஆனால் என் கணிப்பில் அந்த இடம் அதோடு முடிந்திருக்கும். யாழ்ப்பாணம் நகரிலிருந்தே கிளிநொச்சி 65 கிலோமீற்றர் அளவில் வரும், வடமராட்சியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவது சுகமான காரியம் இல்லை, அது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் பார்த்தது நீங்கள் இதை முன்கூட்டி யோசித்திருக்கிறீர்களா என்பதை. விண்ணப்பிக்கும் முன்னரே அப்பா அம்மாவோடு கதைத்து முடியுங்கள்: எந்த ஊர் வரை சரி, தங்கி வேலை செய்ய விடுவார்களா, எவ்வளவு காலத்துக்கு. பிறகு உள்ளே போய் "கிளிநொச்சி, வவுனியா சரி, கிளிநொச்சியில் சித்தி வீடு இருக்கிறது, கொழும்பு இப்போதைக்கு ஏலாது" என்று சொன்னால், அந்த "ஏலாது"கூட உங்களுக்குச் சாதகமாகத்தான் எடுபடும். அரசாங்க வேலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் "சத்தியமாகப் போகமாட்டேன்" என்று சொல்லாதீர்கள், யாரும் நம்பப்போவதில்லை. விண்ணப்பித்திருக்கிறேன், எப்போது வரும் என்று தெரியாததற்காகக் காத்திருக்க விரும்பவில்லை, இங்கே கடன் பிரிவைப் படிக்கவேண்டும் என்று நினைக்கிறேன் என்றால் போதும், அதுவும் உண்மை என்றால்.

இப்போது ஆங்கிலம். வேலை முழுக்க ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது என்றால், தொண்டு நிறுவனங்களில் பல பதவிகள் அப்படித்தான், ஆங்கிலம் போதாவிட்டால் எடுக்கமாட்டார்கள், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நீங்கள் போன தொண்டு நிறுவன வேலை அந்த வகை என்றுதான் உங்கள் விவரம் சொல்கிறது; அந்த ஒன்றில் ஆங்கிலம் காரணமாக இருந்திருக்கலாம். நிதி நிறுவனக் கிளைகளில் நிலைமை வேறு. வாடிக்கையாளர் தமிழர், மேலாளர் தமிழர், தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் ஆங்கிலம். அங்கே நாங்கள் பார்ப்பது இலக்கணம் பிழைத்தாலும் விடயம் விளங்குகிறதா என்பதைத்தான். அதிலும் தட்டுப்படுவது பாடமாக்கிய ஆங்கிலம். முதல் நாலு வசனம் வானொலி போல வரும், ஒரு குறுக்குக் கேள்வி கேட்டதும் ஆள் மௌனம். அதைவிடக் குறைந்த ஆங்கிலத்தில் மெல்ல மெல்லச் சொல்லி, முட்டுப்பட்ட இடத்தில் "இதை மட்டும் தமிழில் சொல்லலாமா" என்று கேட்டவர்கள் எடுபட்டிருக்கிறார்கள். குழுவில் ஒரு சிங்களவர் இருந்தால் இது சரிவராது, அதனால் உங்கள் இரண்டு காரியத்தையும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், எழுதிப் பாடமாக்க வேண்டாம். சிங்களம் பற்றி ஒரு வார்த்தை: சுயவிபரக்கோவையில் "சிங்களம்: நன்று" என்று போட்டுவிட்டு, குழுவில் ஒருவர் சிங்களத்தில் சுகம் கேட்டதும் வேர்த்துப்போனவர்களைக் கண்டிருக்கிறேன். "கொஞ்சம் விளங்கும், கதைக்கப் பழகுகிறேன்" என்று எழுதினால் ஒரு குறையும் இல்லை.

இவ்வளவும் நான் கண்டு நம்புவது. அடுத்து, எல்லாரும் அடித்துச் சொல்லும், ஆனால் எனக்குச் சந்தேகமான ஒன்று. உடல்மொழி. "தொடர்பாடலில் சொல்லுக்கு 7 வீதம், குரலுக்கு 38, முகத்துக்கும் உடலுக்கும் 55" என்று யூடியூப் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது விருப்பு வெறுப்பை ஆட்கள் எதிலிருந்து ஊகிக்கிறார்கள் என்று பார்த்தவை, அதுவும் தனித்தனிச் சொற்களை வைத்து. வேலைக்கான நேர்முகத்துக்கும் அந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. கையை எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்துக் கேள்வியைக் கோட்டை விடாதீர்கள். அதற்காகத் தோற்றம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஒரு நல்ல குணத்தைக் கண்டதும் மற்றக் குணங்களுக்கும் சேர்த்து அள்ளிப் போடும் பழக்கத்தை எட்வர்ட் தோர்ண்டைக் என்ற உளவியலாளர் 1920இலேயே இராணுவ அதிகாரிகளை வைத்துக் காட்டிவிட்டார், நாங்களும் அதற்கு விலக்கில்லை. சுத்தமாக, நேரத்துக்கு, நிமிர்ந்து இருங்கள். சேலையா சுடிதாரா என்பதில் வங்கிப் பக்கம் சேலைக்கு ஒரு விருப்பம் இருக்கிறது, ஆனால் உடுத்துப் பழகாத சேலையை இழுத்து இழுத்து விடுவதைவிட வசதியான உடுப்பு மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஆராய்ச்சிப் பக்கம் உறுதியாகத் தெரிவது ஒன்று உண்டு. எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே புள்ளித்திட்டம் என்று நடத்தும் நேர்முகம், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகத்தைவிட ஆளைச் சரியாகக் கணிக்கும். 1998இல் ஷ்மிட், ஹன்ட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைச் சொன்னார்கள், 2022இல் சாக்கெட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டபோது, ஆளெடுக்கும் வழிகளில் அந்த வகை நேர்முகம் முதலிடத்தில் நின்றது. எங்கள் பக்கம் இரண்டு வகையும் நடக்கிறது. சில கிளைகளில் மேலாளர் கண்டபடி கதைத்துவிட்டு முடிவெடுப்பார், அங்கே நீங்கள் தவறியது உங்கள் பிழையாகவே இல்லாமல் இருக்கலாம். நாலு இடம் என்பது அப்படியொன்றும் பெரிய எண்ணிக்கையும் இல்லை.

நிறுவனத்தைப் பற்றித் தெரிந்து போவது பற்றி நீட்ட மாட்டேன், அது உங்களுக்கே தெரியும். ஆனால் இணையத்தளத்தில் உள்ள தொலைநோக்கு வாசகத்தை ஒப்பிப்பதால் ஒரு பலனும் இல்லை. அந்தக் கிளைக்கு முதல் நாளே ஒருக்கால் போய், அடகுக்கும் லீசிங்குக்கும் எந்த வரிசை நீளம் என்று பாருங்கள். நிதித்துறை என்றால், ஒருவரின் கடன் வரலாற்றைக் காட்டும், ஆட்கள் கிறிப் என்று சொல்லும் கடன் தகவல் பணியக அறிக்கை எதற்கு என்றும், வட்டி வீதங்களுக்கு வழிகாட்ட மத்திய வங்கி 2024 நவம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதத்துக்கு மாறியது என்றும் தெரிந்திருந்தால் வணிகப் பட்டதாரிக்கு அழகு. பட்டம் பிந்தியதற்கும் நீளமாகக் காரணம் சொல்லத் தேவையில்லை, 2020 கொரோனாவும் 2022 நெருக்கடியும் எல்லாரும் கண்டதுதான்.

சில்லறை விடயங்கள் சில, சில்லறை என்றாலும் இவற்றால் ஆள் தவறியதுண்டு. விண்ணப்பம் போட்டிருக்கும் காலத்தில் தெரியாத இலக்கத்திலிருந்து வரும் அழைப்பை எடுங்கள், அப்பாவின் இலக்கத்தைக் கொடுத்திருந்தால் அவருக்கும் சொல்லிவையுங்கள். உறவினரல்லாத இருவர் என்று போடும் இடத்தில் பழைய அதிபரின் பெயரைப் போட்டால், அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், நான் எடுத்துக் கேட்டபோது "எந்தப் பிள்ளை?" என்றவர்கள் உண்டு. கொழும்பு நேர்முகத்துக்கு இரவு பஸ்ஸில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போய் இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே உள்ளே போனதாக எழுதியிருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் தெரிந்த வீடு இருந்தால் முதல் நாளே போய்விடுங்கள், நித்திரை இல்லாத ஆளுக்கு எந்த மொழியிலும் மறுமொழி வராது.

அரசாங்க வேலைக்கும் போடுகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வர்த்தமானி அறிவித்தலில் "பொது நேர்முகப் பரீட்சை" என்று இருந்தால் அதற்குப் புள்ளி இல்லை, தகைமைகளைச் சரிபார்ப்பதுதான். "கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை" என்றால் எதற்கு எத்தனை புள்ளி என்று அந்த அறிவித்தலிலேயே பெரும்பாலும் இருக்கும், அதைப் படிக்காமல் போகக்கூடாது. இரண்டிலும் ஆள் அகப்படுவது பத்திரத்தில். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் முதலெழுத்து மாறி. இடப்பெயர்வுகளில் பத்திரம் தொலைந்து திரும்ப எடுத்த குடும்பங்களில் இது கனக்க நடக்கிறது. இன்றைக்கே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் சத்தியக்கடதாசி தேவைப்படலாம், அதைக் கடைசி நாளில் தேடி ஓடவேண்டாம்.

"ஆளைப் பிடிச்சால்தான் வேலை எண்டு சொல்லுகினம்" என்று எழுதியிருந்தீர்கள். சிபாரிசு இல்லையென்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். இருக்கிறது. ஆனால் உள்ளே வேலை செய்யும் ஒருவர் "இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், பொறுப்பானது" என்று சொல்வதும், மேலிடத்திலிருந்து தொலைபேசி வருவதும் ஒன்றில்லை. முதலாவதை நான் வரவேற்பேன். இரண்டாவது வந்தால் குழுவில் இருப்பவர்களுக்கு எரிச்சல்தான், அந்த எரிச்சல் ஆளை எடுத்த பிறகும் தொடரும். கலியாணம் எப்போது என்ற கேள்வியும் அப்படித்தான், கேட்கக்கூடாதது, ஆனால் கேட்கிறார்கள். கோபப்பட்டு எழும்பி வரவும் உங்களுக்கு உரிமை உண்டு. வேலை வேண்டுமென்றால் "வீட்டில் பேசினாலும் வேலையை விடும் எண்ணம் இல்லை" என்று ஒரு வரியில் முடித்து அடுத்த கேள்விக்குப் போங்கள், அதற்கு மேல் விவரம் கொடுக்காதீர்கள்.

சம்பளத்தை நீங்களாக முதல் பத்து நிமிடத்தில் எடுக்கவேண்டாம். அவர்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டால் "நீங்கள் தாறதைத் தாங்கோ சேர்" என்றும் சொல்லவேண்டாம். அதே பதவியில் வேறு இடத்தில் இருக்கும் உங்கள் பட்ச் பிள்ளைகளிடம் விசாரித்து, ஒரு கீழெல்லை மேலெல்லை சொல்லுங்கள். கடைசியில் "ஏதாவது கேட்கவேண்டுமா" என்பார்கள், எல்லாரும் "இல்லை சேர்" என்று எழும்பிவிடுவார்கள். அது கேட்கிற நேரம்: பயிற்சிக் காலம் எவ்வளவு, அந்தக் காலத்தில் சம்பளம் வேறா, சொன்ன தொகை அடிப்படைச் சம்பளமா படிகள் சேர்த்தா. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் பக்கம் 8 வீதம் வெட்டுவார்கள், அவர்கள் பக்கம் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) 3 வீதமும் போடவேண்டும். பயிற்சிக் காலம் என்று சொல்லி இதைப் பின்போடும் இடங்கள் இருக்கின்றன, அப்படிப் பின்போடச் சட்டத்தில் இடமில்லை. மூலச் சான்றிதழ்களைக் காட்டுங்கள், பிரதியைக் கொடுங்கள், மூலத்தை வைத்துக்கொள்கிறோம் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

நாலாவது இடத்துக்கு நீங்கள் போய் மூன்று கிழமை ஆகிறது என்று இருக்கிறது. அழைத்துக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துச் சும்மா இருக்கிறீர்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு அவர்களுடைய மனிதவளப் பிரிவுக்கு எடுத்து, பெயரையும் நேர்முகத் திகதியையும் சொல்லி, முடிவாகிவிட்டதா என்று கேளுங்கள். இல்லை என்றால், எதில் குறைந்தது என்று சொல்லமுடியுமா என்று ஒரேயொரு தடவை கேளுங்கள். கனபேர் சொல்லமாட்டார்கள், சொல்லுகிற ஒருவர் அகப்பட்டால் அதை அப்படியே இங்கே எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு கதைப்போம்.